மரை இழுக்கும், முகம்தான் நேராக்கும்: ஒரு சைலன்சர் மவுண்ட் சொல்லித்தரும் பாடம்



சைலன்சர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது பைக்தான். அதைக் கழட்டிட்டு தெருவையே எழுப்புகிற ஆட்களையும் நமக்குத் தெரியும். இந்தக் கட்டுரையில் வருவது அதனுடைய ஒன்றுவிட்ட அண்ணன், துப்பாக்கிக் குழாயின் முனையில் மாட்டுகிற சைலன்சர். அமெரிக்காவில் இதை சப்ரஸர் என்பார்கள். அங்கே முதல் தடவை ஒன்று வாங்குகிறவர் வாரக்கணக்கில் குழம்புவது சைலன்சரைப் பற்றி இல்லை, அதைக் குழாயோடு சேர்க்கும் மவுண்டைப் பற்றி. எந்த மரை, எந்த அடாப்டர், ஷிம் வேணுமா, பசை வேணுமா என்று ஆயிரம் கேள்வி.

நமக்கு எதுக்கு இது? டிசைன் ஆஃப் மெஷின் எலிமெண்ட்ஸ், மெட்ராலஜி இரண்டிலும் நாம் மனப்பாடம் செய்கிற திரெட், டேப்பர், டேட்டம், டாலரன்ஸ், பிரீலோடு எல்லாம் ஒரே ஒரு இணைப்பில் கூடி உட்கார்ந்திருக்கும் இடம் இது. அதுவும் தப்பினால் ஒரு மில்லி வினாடிக்குள் தண்டனை கிடைக்கிற இடம். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகப்போகிறவர்களுக்கு இதில் ஒரு சட்ட விஷயமும் இருக்கு. அதையும் சொல்லிடறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு

இந்தக் கருவியை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஹைரம் பெர்சி மாக்சிம். மாக்சிம் மெஷின் கன்னைக் கண்டுபிடித்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிமின் மகன். அப்பா சத்தம் போட்டார், மகன் அடக்கினார்! 1886-இல் எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கினவர் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸில் இருப்பது). 1909 மார்ச் 30-இல் இவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் இவருடைய நிறுவனம் இயந்திரங்களுக்கான சைலன்சர் பக்கம் போய்விட்டது. ஹாம் ரேடியோ கிளப்பில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி: 1914-இல் அமெரிக்க ஹாம் ரேடியோ சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்.லைத் தொடங்கியவர்களில் ஒருவரும் இதே மனிதர்தான்.

வேலை செய்யும் விதம் பைக்கில் இருப்பது மாதிரிதான். அழுத்தத்தோடு வரும் சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து, விரியவிட்டு, மெதுவாக வெளியே அனுப்புவது. சினிமாவில் வருகிற மாதிரி 'புஸ்'ஸுனு ஒரு சின்ன சத்தம் மட்டும் வரும் என்று நம்பாதீங்க. சாதாரணமாக 20 முதல் 35 டெசிபல் வரைதான் குறையும். 160 டெசிபலைத் தாண்டும் ரைஃபிள் சத்தம் 130 சொச்சத்துக்கு வந்தாலும் அது பெரிய சத்தம்தான். ஆனால் சுடுபவரின் காதுக்கு அந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

சட்டத்தை முதலிலேயே பேசிவிடுவோம்

இந்தியாவில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் வரையறையில், துப்பாக்கியின் சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைக்கும் துணைக்கருவியும் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும். அதாவது சைலன்சர் மட்டும் கையில் இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கி. வெறும் பைப்தானே, ஒர்க்‌ஷாப்பில் கடைஞ்சு பார்க்கலாமே என்று யாருக்காவது யோசனை வந்தால் அங்கேயே விட்டுடுங்க.

அமெரிக்காவிலும் கூட்டாட்சிச் சட்டம் சைலன்சரை 'ஃபயர்ஆர்ம்' என்றே வரையறுக்கிறது. 1934-ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொன்றுக்கும் பதிவு, கைரேகை, பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. 200 டாலர் வரி பல காலம் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யமாகிவிட்டது, பதிவு முறை மட்டும் அப்படியே இருக்கு. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் போன்ற சில மாநிலங்களில் பொதுமக்கள் வைத்திருக்கவே கூடாது.

மாணவர் விசாவில் போகிறவர்கள் இதை அடிக்கோடு போட்டுப் படிங்க. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அங்கே கூட்டாட்சிக் குற்றம். சைலன்சரும் 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள் வருவதால் அதுவும் சேர்த்திதான். அறைத்தோழர் ஆசையாகக் கையில் கொடுத்தாலும், "வேண்டாம் மச்சி, தள்ளி நின்னே பார்த்துக்கறேன்" என்று சொல்வது நல்லது.

இனி, அங்கே சட்டப்படி முதல் சைலன்சர் வாங்குகிற ஒருவர் எப்படி யோசிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

உள்ளே எவ்வளவு இடம் இருக்கு?

சைலன்சருக்குள் வரிசையாக பேஃபிள் என்ற தட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. குண்டு எதையும் தொடாமல் எல்லாத் துளைகளையும் கடக்கணும். துளை பெரிசாக இருந்தால் வாயு நேராக ஓடிவிடும், சத்தம் குறையாது. அதனால் துளையை முடிந்தவரை சின்னதாகவே வைப்பார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். .308 ரக குண்டின் விட்டம் 7.82 மி.மீ. பேஃபிள் துளை 9.2 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1.38 மி.மீ. குண்டு சரியாக நடுவில் போனால் ஒவ்வொரு பக்கமும் 0.69 மி.மீ. இடம். சைலன்சரின் நீளம் 200 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம்.

மவுண்டில் சைலன்சர் ஒரு சின்னக் கோணத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் கடைசித் துளை எவ்வளவு விலகும்? நீளத்தைக் கோணத்தால் (ரேடியனில்) பெருக்கினால் போதும். 0.69-ஐ 200-ஆல் வகுத்தால் 0.00345 ரேடியன். அதாவது சுமார் 0.2 டிகிரி. உங்க ஜியாமெட்ரி பாக்ஸ் புரொட்ராக்டரில் ஒரு டிகிரிக் கோடு இருக்கே, அதில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு சாய்ந்தாலே குண்டு தட்டும்.

தட்டினால் என்ன ஆகும்? இதற்குப் பேர் பேஃபிள் ஸ்ட்ரைக். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு தட்டை உரசிக் கிழிக்கும், திசை மாறும், சில சமயம் சைலன்சரின் முன்மூடி பிய்த்துக்கொண்டு போகும். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஆபத்து. பதிவு எண் பொறித்த பொருள் என்பதால், கெட்டுப்போனால் கடையில் கொடுத்து வேறு ஒன்றை மாற்றிக்கொள்வதும் சுலபமில்லை. அதனால் மவுண்டைத் தேர்ந்தெடுப்பது என்றாலே இந்த 0.2 டிகிரியைக் காப்பாற்றுவதுதான்.

மரை பொருந்தினா போதுமா?

போதாது. ஆனால் பொருந்தாமல் ஒண்ணும் நடக்காது என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

அமெரிக்காவில் அதிகம் பார்க்கும் முனை மரைகள் இரண்டு. ஒன்று, அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை. .22 ரிம்ஃபயர், 5.56, 9 மி.மீ. எல்லாத்திலும் இது வரும். இரண்டாவது, 5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. .308 போன்ற .30 ரகங்களில் வருவது. ஐரோப்பிய 9 மி.மீ. கைத்துப்பாக்கிகள் பலவற்றில் 13.5 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச், இடது மரை. பல ஏ.கே. ரகங்களில் 14 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச், அதுவும் இடது மரை. சைக்கிளின் இடது பெடலை எதிர்ப்பக்கம் சுத்திக் கழட்டுவோமே, அதே கதை.

இங்கே ஒரு பொறி இருக்கு, கவனிங்க. அரை அங்குலம்-28 மரை .22-க்கும் உண்டு, 9 மி.மீ.க்கும் உண்டு. .22-க்காகச் செய்த சைலன்சரை 9 மி.மீ. குழாயில் வைத்தால் வெண்ணெய் மாதிரி மரை ஏறும். ஆனால் அதன் துளை 5.7 மி.மீ. குண்டுக்காகப் போட்டது. 9 மி.மீ. குண்டு அதில் நுழையவே நுழையாது. மரை பொருந்துவது வேறு, கருவி பொருந்துவது வேறு. இரண்டையும் ஒண்ணா நினைக்கிறவருக்கு உண்மையிலேயே மரை கழண்டுபோச்சு என்று அர்த்தம்!

இன்னொன்று பிட்ச். அங்குலத்துக்கு 24 மரை என்றால் பிட்ச் 1.058 மி.மீ. மெட்ரிக் 1 மி.மீ. பிட்ச்சுக்கு ரொம்பப் பக்கம். விட்டம் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிடும், அப்புறம் இறுகும். அப்போது ஸ்பேனரை எடுத்தால் இரண்டு மரையும் நாசம். கையால் சுத்தும்போதே கடைசிவரை வழுக்கிக்கொண்டு போகணும். கடிச்சா நிறுத்தணும். இது லேத்திலும் சரி, வீட்டுக் குழாயிலும் சரி, ஒரே விதிதான்.

நேராக்குவது யார்?

பாடத்தின் நடுப்பகுதிக்கு வந்துட்டோம். மரை எவ்வளவு துல்லியமாகக் கடைந்தாலும், ஆண் மரைக்கும் பெண் மரைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டே ஆகணும். இல்லாவிட்டால் ஏறாது. அந்த இடைவெளிக்குள் பொருள் ஆடும். ஆகவே மரையால் ஒரு பொருளை நேராக நிறுத்த முடியாது. அதன் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும். நேராக நிறுத்துவது, மரை முடியும் இடத்தில் குழாயில் இருக்கும் படி. அதுதான் ஷோல்டர். மவுண்டின் தட்டையான முகம் அந்த ஷோல்டரில் முழுசாகப் படிந்தால் சைலன்சர் நேராக நிற்கும். மெட்ராலஜி பேப்பரில் 'டேட்டம்' என்று எழுதுவோமே, அது இங்கே ஷோல்டர்தான்.

இப்போது அந்த ஷோல்டரில் ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டிருக்கு என்று வையுங்கள். முடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. ஷோல்டரின் விட்டம் 19 மி.மீ. ஒரு பக்கம் முடி, எதிர்ப்பக்கம் உலோகம். மோசமான நிலையில் சாய்வு 0.07-ஐ 19-ஆல் வகுத்தால் வருவது, 0.00368 ரேடியன். 200 மி.மீ. தூரத்தில் அது 0.74 மி.மீ. நம்மிடம் இருந்த இடம் 0.69 மி.மீ. மட்டும். கணக்கு முடிஞ்சுது. ஒரே ஒரு முடி!

இதிலிருந்து தேர்வுக்கு மூணு விஷயம் கிடைக்குது.

ஒன்று, ஷோல்டரின் அகலம். 5/8 அங்குல மரையின் விட்டம் 15.9 மி.மீ. குழாயின் வெளிவிட்டம் 19 மி.மீ. என்றால் மரையைச் சுற்றி ஒன்றரை மி.மீ. அகலத்துக்கு வளையம் கிடைக்கும். குழாய் ஒல்லியாக 16.5 மி.மீ. என்றால் வெறும் 0.3 மி.மீ.தான். அதில் எதை நம்பி உட்காருவது? ஒல்லிக் குழாய்க்குச் சின்ன மரைதான் சரி.

இரண்டு, வாஷர். சாதாரண ஃப்ளாஷ் ஹைடரைப் பூட்டும்போது க்ரஷ் வாஷர் என்று ஒன்று போடுவார்கள். இறுக்கும்போது நசுங்கி, பாகத்தைச் சரியான திசையில் நிறுத்த உதவும். ஆனால் அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நசுங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சைலன்சர் தாங்கும் மவுண்டின் கீழே அதைப் போடவே கூடாது. திசை சரிசெய்யணும் என்றால் இருபக்கமும் இணையாக இருக்கும் தட்டை ஷிம் போடுவார்கள். திசை முக்கியமில்லாத வட்டமான மவுண்ட் என்றால் அதுவும் வேண்டாம். உலோகத்தில் உலோகம் நேராக உட்கார்ந்துவிடும்.

மூன்று, மரையை யார் போட்டார்கள் என்பது. குழாயின் உள்துளை எப்போதும் வெளிவட்டத்தின் நடுவிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல கைவினைஞர் லேத்தில் டயல் வைத்து உள்துளையை மையமாக்கிவிட்டுத்தான் மரை வெட்டுவார். வெளிவட்டத்தைப் பிடித்து வெட்டினால் மரை அழகாக இருக்கும், ஆனால் குண்டு போகும் பாதையோடு ஒத்துப்போகாது. பழைய துப்பாக்கிக்குப் புதிதாக மரை போடுவது அனுபவசாலி கன்ஸ்மித்தின் வேலை. டை வைத்து கையால் திருகும் வேலை இல்லை.

டேப்பர் என்ற இன்னொரு வழி

தட்டை முகத்துக்குப் பதில் கூம்பு முகம் வைத்தால்? ஒர்க்‌ஷாப்பில் லேத்தின் டெயில்ஸ்டாக்கில் டிரில் சக்கைச் செருகியிருப்பீங்க. மோர்ஸ் டேப்பர். கூம்பு கூம்புக்குள் உட்காரும்போது தானாகவே மையத்துக்கு வந்துவிடும். தட்டை முகம் சாய்வை மட்டும்தான் திருத்தும். கூம்பு சாய்வோடு சேர்த்து மையத்தையும் திருத்தும். இந்த வசதிக்காகத்தான் இப்போதைய மவுண்டுகள் பலவும் டேப்பர் பக்கம் போகின்றன.

மோர்ஸ் டேப்பர் பக்கத்துக்கு ஒன்றரை டிகிரிதான் சரியும். அதனால் தட்டிச் செருகினாலே பிடித்துக்கொள்ளும், எடுக்க டிரிஃப்ட் வேணும். மில்லிங் மெஷினின் 7/24 டேப்பர் பக்கத்துக்கு 8.3 டிகிரி. அது தானாகப் பிடிக்காது, டிராபார் இழுத்துப் பிடிக்கணும். சைலன்சர் மவுண்ட் இந்த இரண்டாவது குடும்பம். கூம்பு நேராக்கும், மரை இழுத்துப் பிடிக்கும். வேலைப் பங்கீடு மறுபடியும் அதேதான், கவனிச்சீங்களா?

டேப்பருக்கு இன்னொரு லாபமும் உண்டு. கூம்பு மரைக்கு முன்னால் இருந்தால் வாயுவை அங்கேயே அடைத்துவிடும். கரி மரைக்குள் போகாது. கரி போய்ப் படிந்தால் என்ன ஆகும்? 'கார்பன் லாக்'. கரி சிமெண்ட் மாதிரி இறுகி, சைலன்சர் கழலவே கழலாது. பலம் கொடுத்துத் திருகினால் சைலன்சரோடு மவுண்டும் சேர்ந்து குழாயிலிருந்து கழண்டு வரும்.

இதற்கு ஒரு அழகான தீர்வு இடது மரை. குழாயில் மவுண்ட் ஏறுவது வலது மரையில். மவுண்டில் சைலன்சர் ஏறுவது இடது மரையில். அப்போது சைலன்சரைக் கழட்டும் திசை, மவுண்டை இறுக்கும் திசை. டெட் ஏர் நிறுவனத்தின் ஜீனோ மவுண்ட் இப்படித்தான். செலவே இல்லாமல், திசையை மட்டும் மாற்றி ஒரு பிரச்சினையைத் தீர்த்திருக்காங்க.

மூணு வகை மவுண்ட், மூணு விதமான ஆள்

முதல் வகை டைரக்ட் திரெட். சைலன்சரே நேராகக் குழாயின் மரையில் ஏறும். பாகம் குறைவு, எடை குறைவு, விலை குறைவு. நடுவில் ஒரே ஒரு இணைப்பு என்பதால் தப்புக்கும் இடம் குறைவு. கெடுதல் என்ன? சூடு, அதிர்வு காரணமாக மெதுவாகத் தளரும். பத்துப் பதினைந்து ரவுண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கணும் (சூடாக இருக்கும், கையுறை அவசியம்!).

இரண்டாவது, டேப்பரும் மரையும் சேர்ந்தது. குழாயில் ஒரு மவுண்டை நிரந்தரமாகப் பூட்டிவிட்டு, அதன்மேல் சைலன்சரைச் சில சுற்றில் ஏற்றுவது.

மூன்றாவது, ராட்செட் அல்லது பூட்டு வளையம் வைத்த குவிக் டிட்டாச். மாட்டிக் கழட்டுவது சீக்கிரம். தளராது. ஆனால் எடை கூடும், நகரும் பாகம் கூடும். இணைப்பு கூடக்கூட டாலரன்ஸ் அடுக்கும் கூடும். ஒரு இணைப்புக்கு 0.03 டிகிரி தவறு என்று வைத்தால், மூன்று இணைப்புக்கு மோசமான நிலையில் 0.09 டிகிரி. 200 மி.மீ. தூரத்தில் 0.31 மி.மீ. இருந்த இடத்தில் பாதி அதிலேயே போச்சு. நன்றாகச் செய்த குவிக் டிட்டாச் இதைச் சமாளிக்கும். மலிவாகச் செய்தது சமாளிக்காது.

மவுண்டாகப் பூட்டுவது ஃப்ளாஷ் ஹைடரா, மசில் பிரேக்கா என்பது அடுத்த கேள்வி. சைலன்சர் இல்லாமலும் சுடுவார் என்றால் ஃப்ளாஷ் ஹைடர் தீப்பிழம்பைக் குறைக்கும். பிரேக் பின்னடியைக் குறைக்கும், ஆனால் பக்கத்தில் நிற்கிறவருக்குக் காது கிழியும். சைலன்சருக்கு உள்ளே இருக்கும்போது பிரேக், முதல் பேஃபிளுக்கு முன்னால் நின்று அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பதிவு கிடையாது.

ஹப்: பின்பக்கம் ஒரு பொதுக் கதவு

முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு மவுண்ட் வைத்திருக்கும். ஒன்றை வாங்கினால் ஆயுசுக்கும் அவர்களிடமே. நம்ம பழைய போன் சார்ஜர் கதை மாதிரி. இப்போது பல நிறுவனங்கள் சைலன்சரின் பின்பக்கத்தில் ஒரே அளவு மரை போடுகின்றன: 1.375 அங்குலம், அங்குலத்துக்கு 24. மி.மீ. கணக்கில் 34.9. இதைத்தான் ஹப் என்கிறார்கள். யு.எஸ்.பி. சி வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று டைரக்ட் திரெட் அடாப்டர் போடலாம், அடுத்த வருஷம் டேப்பருக்கு மாறலாம். பதிவு செய்த சைலன்சர் அப்படியே இருக்கும், மவுண்ட் மட்டும் மாறும். முதல் முறை வாங்குகிறவருக்கு எது வேணும் என்று இன்னும் தெரியாது. அவருக்கு ஹப் இருப்பதுதான் பெரிய காப்பீடு.

கைத்துப்பாக்கிக்கு வேற கணக்கு

பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் சுடும்போது குழாயே கொஞ்சம் பின்னால் போய்ச் சாயும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த முறை. அந்தக் குழாயின் முனையில் கனமான சைலன்சரைத் தொங்கவிட்டால் குழாய் நகரத் தடுமாறும், அடுத்த தோட்டா ஏறாது. இதற்கு நீல்சன் டிவைஸ் அல்லது பூஸ்டர் என்ற பாகம். உள்ளே ஒரு பிஸ்டனும் ஸ்பிரிங்கும். சுடும் கணத்தில் சைலன்சரின் நிறையைக் குழாயிலிருந்து பிரித்துவிடும். வைப்ரேஷன் பாடத்தில் 'ஐசொலேஷன்' படித்தோமே, அதுதான்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. குழாய் அசையாத துப்பாக்கியில் அதே ஸ்பிரிங்கோடு மாட்டினால், சைலன்சர் முன்னும் பின்னும் அடித்துத் தன் பாகங்களையே உடைக்கும். அங்கே ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபிக்ஸ்டு ஸ்பேசர் போடணும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது "என் குழாய் அசையும்" அல்லது "அசையாது" என்பதே.

சூடும் பசையும்

தொடர்ந்து சுட்டால் சைலன்சர் 300 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். குழாய் ஸ்டீல், மவுண்ட் டைட்டானியம் என்று வைப்போம். ஸ்டீலின் விரிவுக் குணகம் டிகிரிக்குச் சுமார் மில்லியனில் 12 பங்கு, டைட்டானியத்துக்கு 8.6. இரண்டும் ஒரே அளவு 300 டிகிரி ஏறினால், 10 மி.மீ. பிடிப்பு நீளத்தில் வித்தியாசம் 0.01 மி.மீ. சின்ன எண்தான். ஆனால் கையால் இறுக்கியபோது மரை நீண்டது எவ்வளவு? தகைவு 50 மெகாபாஸ்கல் என்று எடுத்தால் 0.0025 மி.மீ. விரிவு அதைவிட நாலு மடங்கு! பிரீலோடு போயே போச்சு. நிஜத்தில் மவுண்டின் சூடும் குழாயின் சூடும் ஒன்றாக இருக்காது, அதனால் பிடி சில சமயம் கூடும், சில சமயம் குறையும். இந்த ஏற்ற இறக்கமும் அதிர்வும் சேர்ந்துதான் மரையைத் தளர்த்துகின்றன.

குழாயில் நிரந்தரமாகப் பூட்டும் மவுண்டுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே இறுக்கணும். பல மவுண்டுகளுக்கு அது 27 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் வரும். பசை என்றால் நம்ம லேபில் இருக்கும் சாதாரண லாக்டைட் இங்கே உதவாது, 150 டிகிரியைச் சுற்றியே தளர்ந்துவிடும். அங்கே ராக்செட் என்ற செராமிக் வகைப் பசை போடுவார்கள், ஆயிரம் டிகிரியைத் தாங்கும். வேடிக்கை என்னவென்றால், கழட்டத் தீ வேண்டாம், தண்ணீரில் நன்றாக ஊறவைத்தால் போதும்! டைரக்ட் திரெட் சைலன்சருக்கோ, அடிக்கடி கழட்டும் பக்கத்துக்கோ இதைப் போடக்கூடாது.

கடைசிச் சோதனை: ஒரு நேரான கம்பி

எல்லாம் சரியாக வாங்கியாச்சு. சுடுவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கு. அதற்கு அலைன்மென்ட் ராட் என்ற, துல்லியமாகக் கடைந்த நேரான கம்பி வேணும். அந்தந்தக் குழாயின் உள்விட்டத்துக்கு ஏற்ற அளவில் கிடைக்கும்.

1. தோட்டா உறையைக் கழட்டி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கணும். அறையில் தோட்டாவே இருக்கக்கூடாது.
2. ஷோல்டர், மரை, மவுண்டின் முகம் எல்லாவற்றையும் துடைக்கணும். அந்த ஒரு முடியை ஞாபகம் வெச்சுக்கோங்க.
3. மவுண்டையும் சைலன்சரையும் முறைப்படி மாட்டணும்.
4. கம்பியைக் குழாய்க்குள் விட்டு, சைலன்சரின் முன்துளையைக் கடந்து வெளியே வரவிடணும்.
5. முன்னால் இருந்து பார்த்தால் கம்பியைச் சுற்றி இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தெரியணும். ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்தாலோ தொட்டாலோ சுடக்கூடாது. கழட்டி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்க்கணும். அப்பவும் அப்படியே இருந்தால் கன்ஸ்மித்திடம் போகணும்.

துப்பாக்கி துடைக்கும் கம்பியை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அது வளையும். வளைந்த ஸ்கேலை வைத்துக் கோடு நேரா என்று பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

சுருக்கமாக, எதை எடுப்பது?

.22 ஒன்றுதான் என்றால் டைரக்ட் திரெட் போதும். அழுத்தம் குறைவு, வேறு எதற்கும் செலவழிக்க அவசியமில்லை. ஒரே ஒரு வேட்டை ரைஃபிள், குறைந்த ரவுண்டுகள் என்றால் நல்ல ஷோல்டரோடு டைரக்ட் திரெட், அல்லது டேப்பர் மவுண்ட். இரண்டு மூன்று ரைஃபிளுக்கு ஒரே சைலன்சர் என்றால் ஹப் சைலன்சரும், ஒவ்வொரு ரைஃபிளிலும் ஒரே குடும்ப டேப்பர் மவுண்டும். அப்போது எல்லாவற்றுக்கும் தாங்கும் பெரிய துளை அளவைப் பார்த்து வாங்கணும். கைத்துப்பாக்கி என்றால் பூஸ்டர், அதில் சரியான மரைக்கான பிஸ்டன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த இணைப்பில் நேராக்குவது எந்த முகம், அது அகலமாக, சதுரமாக, சுத்தமாக இருக்கா?

நம்மில் பெரும்பாலானோர் வாழ்க்கையில் ஒரு சைலன்சரைக் கையில் எடுக்கப் போவதில்லை. ஆனால் அடுத்த வாரமே லேத் ஸ்பிண்டிலில் சக் மாட்டப் போறோம், மில்லிங்கில் கட்டர் ஏத்தப் போறோம், புராஜெக்ட்டில் ஷாஃப்ட்டுக்குக் கப்ளிங் போடப் போறோம். அங்கேயும் மரை இழுக்கும், முகம்தான் நேராக்கும். நடுவில் ஒரு சிவுறு மாட்டியிருந்தால் ஜாப் ஆடும். லேப் இன்ஸ்ட்ரக்டர் "முதல்ல துடைப்பா!" என்று கத்துவது ஏன் என்பதற்கு இப்போது உங்களிடம் ஒரு கணக்கே இருக்கு.

உங்களுக்கு மூணு கேள்வி

1. சைலன்சர் நீளம் 150 மி.மீ. ஆனால், மேலே சொன்ன அதே தலைமுடி இருந்தும் குண்டு தப்பிக்குமா? கணக்கு போட்டுப் பாருங்க.
2. ஷோல்டர் விட்டம் 19-லிருந்து 25 மி.மீ. ஆனால் சாய்வு எவ்வளவு குறையும்?
3. லேத் சக்கில் சதுரமாக உட்கார வைப்பது எந்த முகம், இழுத்துப் பிடிப்பது எது? அடுத்த லேபில் கழட்டும்போது தேடிப் பாருங்க.

முதல் கேள்விக்கு "தப்பிக்கும்" என்று விடை வந்தால் சந்தோஷப்படாதீங்க. எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும் எழுதுங்க. மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் 'தப்பிச்சோம்' என்று சொல்வது இன்ஜினியர் பேச்சு இல்லையே!